கைக்குக் கிட்ட வரும் வெளிச்சம்

ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நாங்கள் இரண்டு விதமாகத்தான் பேசிக்கொள்கிறோம். ஒன்று துயரம்: கறண்ட் இல்லாத ஆண்டுகள், புகை படிந்த மூக்குத்துவாரங்கள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்த பிள்ளைகள். மற்றது பெருமிதம்: அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் டொக்ரரானோம், எஞ்சினியரானோம். இரண்டும் உண்மை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் விளக்கு காணாமற்போய்விடுகிறது. அது எப்படி எரிந்தது, ஏன் ஜாம் போத்தல், ஏன் சோடாப் போத்தல் இல்லை, அந்தச் சின்னச் சுடரில் எழுத்து எப்படித் தெரிந்தது என்று கேட்பவரைக் காண்பது அரிது. பழைய மேசை லாம்புகளைத் திருத்துவதிலும் மாற்றியமைப்பதிலும் என் பின்னேரங்களில் பெரும்பங்கைச் செலவிடுகிறவன் நான். என் வேலை மேசைக்கு வரும் ஒவ்வொரு லாம்பும் என்னை அந்தக் கேள்விகளுக்கே கொண்டுபோய் விடுகிறது.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதோடு யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் வாசனைத் திரவியம் மாதிரி அளந்து விற்கப்பட்ட காலம் அது. அரிக்கன் லாம்பும் பெற்றோல்மாக்ஸும் வீட்டில் இருந்தன, ஆனால் அவற்றுக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. ஒரு இரவு எரிக்கும் எண்ணெயைப் பல இரவுகளுக்கு நீட்டக்கூடிய ஒரு விளக்கு தேவைப்பட்டது. அதை எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை. யார் முதலில் செய்தார் என்றும் சொல்ல முடியாது. ஊர் முழுவதும் அதைச் செய்தது.

அமைப்பு வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். ஒரு சின்னக் குழாய்க்குள்ளால் இழுத்த நூல்திரி. குழாயாகச் சிலருக்குச் சைக்கிள் ரியூப் வால்வு, சிலருக்குச் சுருட்டிய தகரம். சுடர் போத்தலுக்கு உள்ளேயே எரியும். எண்ணெய் பஞ்சுக்குள் இருப்பதால் விளக்குச் சரிந்தாலும் அது ஓடாது. கண்ணாடிச் சுவர் காற்றை மறைக்கும். வாய் அகலமாக இருக்கவேண்டும். அடியில் துவாரமில்லாத பாத்திரத்துக்குள் எரியும் சுடருக்குச் சூடான காற்று வெளியே போகவும் புதிய காற்று உள்ளே இறங்கவும் அந்த ஒரு வாய்தான் வழி. நடுவால் சூடு ஏறும், கண்ணாடி ஓரமாகக் குளிர்காற்று இறங்கும். ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலில் இந்த இரண்டும் முட்டுப்பட்டு, சுடர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஜாம் போத்தல் கைக்கு அகப்பட்ட குப்பை என்று நினைப்பது தவறு. பல போத்தல்களைப் பார்த்துக் கைவிட்ட பிறகு மிஞ்சிய வடிவம் அது. அதே வாய்தான் சுடரின் அளவுக்கும் எல்லை வைத்தது. திரியைத் தூண்டினால் புகைதான் கூடும், வெளிச்சம் கூடாது. எண்ணெயை மிச்சம் பிடிக்கும் ஒழுங்கு போத்தலின் வடிவத்துக்குள்ளேயே இருந்தது.

அதே ஆண்டுகளில், போர்க்கோட்டுக்கு அப்பால், இதே தீவில் இன்னொருவரும் போத்தல் விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. கவிழ்ந்த குப்பி விளக்கால் எரிந்துபோனவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து, காயத்துக்கு மருந்து போடுவதைவிட விளக்கைத் திருத்துவது மேல் என்ற முடிவுக்கு வந்தவர். மார்மைற் போத்தலின் வடிவம் அவருக்கு வழி காட்டியது. குட்டையாக, பாரமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, எண்ணெய் சிந்தாத திருகு மூடியோடு அவர் வடிவமைத்த விளக்குக்குச் சுதீபா என்று பெயர். 1998 இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவருடைய விளக்கின் படமும் அளவும் உலகம் அறியும். எங்களுடைய விளக்குக்கு அளவுப்படம் வரைந்த தாள் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. நினைவுக் கட்டுரைகள் வேண்டிய அளவுக்கு இருக்கின்றன.

இனி வெளிச்சக் கணக்குக்கு வருகிறேன். ஒரு மெழுகுதிரி தரும் ஒளிச்செறிவு ஏறத்தாழ ஒரு கண்டெலா. அதிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் விழும் வெளிச்சம் ஒரு லக்ஸ். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு. 20 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் 25 லக்ஸ். ஜாம் போத்தல் விளக்கை அரை மெழுகுதிரி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். புத்தகத்துக்கு ஒரு சாண் கிட்ட வைத்தால் 12 லக்ஸ் சொச்சம். இப்போது 60 வோட்ஸ் குண்டு பல்ப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 700 லூமன், எல்லாப் பக்கமும் பரவினால் 56 கண்டெலா. அதை மேசைக்கு இரண்டு மீற்றர் உயரத்தில் மூடியில்லாமல் தொங்கவிட்டால், சுவரும் கூரையும் திருப்பியனுப்பும் ஒளியைச் சேர்க்காமல் பார்த்தால், மேசைக்கு வந்து சேர்வது 14 லக்ஸ்.

நூறில் ஒரு பங்கு ஒளியுள்ள சுடர், கிட்ட வந்ததால் மட்டும், கூரையில் தொங்கும் பல்புக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது. 1990களில் சமன்பாடு தெரியாமலே ஒவ்வொரு வீட்டு மேசையிலும் இந்தக் கணக்குச் செய்யப்பட்டது. நான்கு பிள்ளைகள் ஒரு விளக்கைச் சுற்றி இருந்தால் யார் எந்தப் பக்கம் இருப்பது, கணக்குச் செய்பவனுக்குக் கிட்டவா, வாய்விட்டுப் பாடமாக்குபவளுக்குக் கிட்டவா என்று அம்மாக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி விளக்கை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னார்கள். வெளிச்சத்தைப் பெருக்க முடியாத நிலையில் அதை நகர்த்தக் கற்றுக்கொண்டோம். அந்த வெளிச்சத்தில் படித்தவர்களில் நானும் ஒருவன். பட்டினியாலும் குண்டுகளாலும் சூழப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் ஒரு நாளைக்கூட நான் நல்ல நாளென்று திரும்ப அழைக்கமாட்டேன். ஆனால் அங்கே கற்ற இந்த ஒன்றை, தடை விதித்தவர்கள் எங்களுக்குத் தந்ததாகவும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது எங்கள் மூளையிலிருந்து வந்தது.

அந்தக் காலத்தில் சைக்கிள் டைனமோவும் இருந்தது. 6 வோல்ட், 3 வோட்ஸ். அது பிறந்ததே விளக்கெரிக்கத்தான். ஆனால் ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை ஒருவர் மிதிக்க, அந்தக் கறண்ட் போனது றேடியோவுக்கு. எண்ணெயால் செய்துகொள்ளக்கூடிய வேலைக்கு எண்ணெய், எண்ணெயால் முடியாததற்கு மட்டும் மின்சாரம் என்று பிரித்து வைத்த அந்த நிதானத்தை நினைக்க எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

நகர்த்தக்கூடிய வேலை விளக்கின் வரலாற்றை இங்கிலாந்தில் தொடங்குவது வழக்கம். பாத் நகரத்து ஜோர்ஜ் கார்வடைன் கார்களின் சஸ்பென்ஷன் செய்த எஞ்சினியர். ஸ்பிரிங்குகளோடு வாழ்ந்த மனிதர். 1932 இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பு ஒரு கையை எந்தப் பக்கம் தள்ளினாலும் தள்ளிய இடத்திலேயே நிற்கவைத்தது. ரெடிச் நகரில் ஸ்பிரிங் செய்துவந்த ஹெர்பர்ட் ரெரி நிறுவனம் அதை விளக்காக்கி ஆங்கிள்பொய்ஸ் என்ற பெயரில் விற்றது. முதலில் வந்தது நான்கு ஸ்பிரிங் உள்ள மாதிரி, 1935 இல் வீட்டுக்கென்று மூன்று ஸ்பிரிங் மாதிரி. நோர்வேயின் ஜாக் ஜாகொப்சன் 1937 இல் லக்ஸோ எல்-1 ஐக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுவதும் மலிவாகக் கிடைக்கும் ஸ்பிரிங் லாம்புகள் பெரும்பாலும் அந்த இரண்டின் வாரிசுகள். எழுத்தாளரின் மேசை விளக்கு என்று இப்போது நினைக்கப்பட்டாலும், அது முதலில் நினைக்கப்பட்டது வேலைத்தளத்துக்கு. உதிரிப்பாகம் பொருத்துகிறவரின் கைக்குக் கிட்ட, மூடியால் குவிக்கப்பட்ட சின்னப் பல்ப்.

அந்தக் கையின் இரகசியம் எங்கள் கிணற்றடிகளில் நின்றது. துலாவைத்தான் சொல்கிறேன். ஆடுகாலில் தாங்கிய நீண்ட மரம், ஒரு முனையில் துலாக்கொடியும் பட்டையும், மறுமுனையில் பாரக்கல். தோட்டக் கிணறென்றால் கல்லுக்குப் பதில் மேலே நடந்து மிதிக்கும் ஆட்கள். தண்ணீர் நிறைந்த பட்டையின் பாரத்தில் பெரும்பங்கை வால்பக்கம் ஏற்றுக்கொள்வதால் இழுக்கிறவர் மிச்சத்தை மட்டும் இழுத்தால் போதும். விளக்கின் கையும் அதே வேலையைச் செய்கிறது. கல்லுக்குப் பதிலாக ஸ்பிரிங். எண்ணெய் இல்லாமல் தண்ணீர்ப் பம்புகள் நின்றுபோன அந்த ஆண்டுகளில் துலா சில தோட்டங்களுக்குத் திரும்பி வந்தது. விளக்கும் கிணறும் ஒரே தடையால் ஒரே நேரத்தில் பழைய நெம்புகோலிடம் போய் நின்றன.

ஸ்பிரிங்குக்கும் கல்லுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, திருத்துகிறவருக்கு அது முக்கியம். கை கிடையாக நீட்டி இருக்கும்போது விளக்குத் தலையின் பாரம் கையை முழுமூச்சாகக் கீழே திருப்பும். கை நிமிர நிமிர அந்தத் திருப்பம் குறையும், செங்குத்தாக நின்றால் இல்லாமற்போகும். எதிர்முனையில் கல் இருந்தால் அதன் திருப்பமும் அதே அளவில் கூடிக் குறையும், ஆகவே எந்தக் கோணத்திலும் சமன். ஸ்பிரிங் அப்படியல்ல, இழுபடும் நீளத்துக்கு ஏற்ப அதன் விசை மாறும். அந்த மாற்றத்தைப் பாரத்தின் மாற்றத்தோடு ஒத்துப்போகச் செய்யும் இடத்தில் கொழுக்கியை மாட்டியதுதான் கார்வடைனின் கெட்டித்தனம். முழுவதும் ஒத்துப்போகாமல் மிஞ்சும் சின்னப் பிழையை மூட்டுகளின் உராய்வு தாங்கிக்கொள்ளும். ஆகவே தலை தொங்கிவிழும் லாம்பு வந்தால் நட்டை முறுக்கி இறுக்குவது தீர்வல்ல. முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்கவேண்டும்.

எங்கள் ஊருக்கு இந்த லாம்புகள் மூன்று வழியால் வருகின்றன. படவரைஞர்களாகவும் நில அளவையாளர்களாகவும் அரசாங்க வேலை செய்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளிலிருந்து, பார இரும்பு அடியோடு வரும் பழையவை. பழைய இரும்புக்கடையில் கையும் தலையும் பிரிந்து கிடப்பவை. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் உறவினர் பெட்டிகளில் மடிந்து வருபவை. கடைசியில் சொன்னவைக்குத் தனிக் கவனம் வேண்டும். கனடா லாம்பின் உடல் எங்களுக்கும் சரி, ஆனால் அதோடு வந்த பல்ப் 120 வோல்ட்டுக்கானது. எங்களுடைய 230 இல் போட்டால் கணப்பொழுதில் போய்விடும். ஹோல்டரும் திருகு வகை. எங்கள் கடைகளில் தாராளமாகக் கிடைப்பதோ இரண்டு பின் உள்ள பல்ப். இடையில் ஒரு மாற்றி போடலாம், ஆனால் அது தலையின் நீளத்தையும் பாரத்தையும் கூட்டும். நான் ஹோல்டரையே கழற்றி மாற்றிவிடுவேன். சுவிச் இல்லாத நல்ல பின் ஹோல்டர் ஒன்று பெரிய விலையில்லை.

கறள் இங்கே முதல் எதிரி. குடாநாட்டில் எந்த இடத்தில் நின்றாலும் கடல் தூரமில்லை. உப்புக்காற்று ஸ்பிரிங்கின் சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் போய்க் குந்திக்கொள்ளும். மேலே தெரியும் கறளைத் துடைத்தால் போதாது, ஸ்பிரிங்கைக் கழற்றி மெதுவாக இழுத்துப் பிடித்து இடைவெளிக்குள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தேய்க்கவேண்டும். காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. தேங்காயெண்ணெய் போடுவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். அது நாளாக நாளாகப் பசையாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இழுவை தளர்ந்துபோன ஸ்பிரிங்கில் இரண்டு மூன்று சுற்றை வெட்டி எடுத்தால் மிச்சம் விறைக்கும், ஏனென்றால் சுற்றுக் குறையக் குறைய ஸ்பிரிங்கின் வலு கூடும். வெட்டிய முனையைக் குறட்டால் வளைத்துப் புதிய கொழுக்கி செய்யலாம், ஆனால் நெருப்பில் காட்டக்கூடாது. சூடு பட்ட இடத்தில் உருக்கின் விறைப்புப் போய்விடும், கொழுக்கி நாலாம் நாள் நிமிர்ந்துவிடும்.

இரண்டாவது பழுது வயரில். கை மடியும் மூட்டில் வயரும் மடிகிறது. ஆயிரக்கணக்கான தடவை மடிந்த பிறகு வெளியுறை வெடித்து, உள்ளே செம்புக்கம்பி இழையிழையாக அறும். விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தால் பல்பைக் குற்றம் சொல்வதற்கு முன் மூட்டைப் பார்க்கவேண்டும். இரும்புக் கைக்குள்ளால் ஓடும் 230 வோல்ட் வயரின் உறை வெடித்தால் அந்தக் கையைத் தொடுகிறவர் நிலை என்ன? பழைய லாம்புகள் பலவற்றில் இரண்டு கம்பி வயர் மட்டும்தான், எர்த் இல்லை. நான் திருத்தும் எந்த இரும்பு லாம்பும் மூன்று கம்பி வயரும், உடலோடு திருகிய எர்த்தும், மூன்று கால் பிளக்கும் இல்லாமல் வெளியே போவதில்லை. வேலை முடிந்ததும் மீற்றரை வைத்து, பிளக்கின் எர்த் காலுக்கும் விளக்கின் தலைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன், கையை எல்லாக் கோணத்திலும் ஆட்டி ஆட்டி. வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று கேட்காமல் லாம்பைத் திருப்பிக் கொடுப்பதில்லை. இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

மூன்றாவது, பாரம். குண்டு பல்ப் காற்றுமாதிரி, 30 கிராம் அளவில்தான் இருக்கும். எல்.ஈ.டி. பல்பில் வெப்பம் போக்கும் உலோகமும் மின்சுற்றும் இருப்பதால் அதன் பாரம் இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ இருக்கலாம். தலையில் 50 கிராம் கூடினால் அதுவரை பணிவாக நின்ற கை மெல்ல மெல்லக் கீழே குனியும். மூன்று வழி இருக்கிறது. கொழுக்கி மாட்டும் துளையை மூட்டிலிருந்து சற்றுத் தூரத்துக்கு மாற்றலாம், ஸ்பிரிங்கின் திருப்பம் கூடும். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றுக் குறைக்கலாம். ஸ்பிரிங்கே இல்லாமற்போன கையென்றால் துலாவிடம் திரும்பிப் போகலாம்: கையை மூட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நீட்டி, வாலில் பாரம் கட்டுவது. மூட்டிலிருந்து தலை 80 சென்ரிமீற்றர், வால் 10 சென்ரிமீற்றர் என்றால் தலையில் கூடிய 50 கிராமுக்கு வாலில் 400 கிராம். நான் பாவிப்பது மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள். கடற்கரைப் பக்கக் கடைகளில் நிறுத்துத் தருவார்கள், துளையோடு வருவதால் கம்பியில் கோத்து ஒன்றொன்றாகக் கூட்டிக் குறைக்கலாம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவவேண்டும், பிள்ளைகள் எட்டும் லாம்பென்றால் அதைத் தகரக்குழாய்க்குள் மூடிவிடவேண்டும்.

எல்.ஈ.டி. பற்றி இன்னும் இரண்டு. பழைய மூடிகள் குண்டு பல்பின் வெப்பத்துக்காகச் செய்தவை, உச்சியில் காற்றுத் துவாரம் இருக்கும். கவிழ்த்துப் போட்ட எல்.ஈ.டி. பல்பின் மின்சுற்று மேலே, மூடியின் ஒடுங்கிய கழுத்துக்குள் போய் நிற்கிறது. துவாரம் அடைபட்டிருந்தால் வெப்பம் அங்கேயே தேங்கி, பல ஆண்டு எரியவேண்டிய பல்ப் கெதியாகச் செத்துவிடும். குளவிக்கூடு அடைத்த துவாரங்களைக் குத்தித் திறப்பதும் திருத்தவேலைதான். மற்றது சிமிட்டல். மலிவான எல்.ஈ.டி. எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தடவை மங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது, கைபேசிக் கமெராவில் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். புத்தகம் படிப்பவருக்குத் தலையிடி மட்டும். சாணைச் சில்லுக்கோ துளைக்கும் மெசினுக்கோ முன்னால் நிற்பவருக்கு ஆபத்து, ஏனென்றால் சில வேகங்களில் சுற்றும் சில்லு நின்றுவிட்டதாகக் கண்ணுக்குப் படும்.

இந்தச் சிமிட்டலுக்கு எனக்குப் பிடித்த மாற்று 12 வோல்ட் பற்றரி. அதற்கு நான் வந்தது கறண்ட் இல்லாத நாட்களில். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கறண்ட் நின்றது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. தெற்கில் பலருக்கு அவ்வளவு நீண்ட மின்வெட்டு புதிது. இங்கே நாற்பதைத் தாண்டியவர்கள் பரணில் ஏறி ஜாம் போத்தல் தேடினார்கள், இளையவர்கள் மோட்டார்சைக்கிள் பற்றரியில் எல்.ஈ.டி. பட்டியைக் கொழுவினார்கள். நான் ஸ்பிரிங் லாம்பின் தலையிலிருந்து ஹோல்டரை எடுத்துவிட்டு, ஒரு அலுமினியத் தகட்டில் 12 வோல்ட் எல்.ஈ.டி. துண்டுகளை ஒட்டிப் பொருத்தினேன். கைக்குள்ளால் ஓடுவது இப்போது 12 வோல்ட் மட்டும், ஆகவே மூட்டில் வயர் வெடித்தாலும் ஆளை அடிக்காது. பற்றரிப் பக்கம் ஒரு பியூஸ் கட்டாயம், பற்றரி ஆளை அடிக்காவிட்டாலும் முட்டுப்பட்ட வயரைப் பழுக்கவைக்கும். நேரோட்ட மின்சாரம் என்பதால் சிமிட்டல் இல்லை. தலை முன்னையதைவிட இலேசாகிவிட்டதால் கை தானாக மேலே எழும்பியது, கொழுக்கியை மூட்டுக்குக் கிட்ட மாற்றிச் சமன் செய்தேன். இன்று அறையே இருட்டினாலும் வேலை மேசையில் 1000 லக்ஸ் தர அந்த லாம்பால் முடிகிறது. நகை செய்யும் இடத்துக்குச் சர்வதேச வேலைவெளிச்ச நியமம் கேட்கும் அளவு அது. கையால் மணிக்கூடு செய்வதற்கு அது 1500 கேட்கிறது.

நகை என்றதும் யாழ்ப்பாண நகரத்துக் கன்னாதிட்டி நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு நகைப் பட்டறையில் லாம்பு திருத்தப் போயிருந்தபோது, கூரையில் நீளமான எல்.ஈ.டி. குழாய்கள் வரிசையாக எரிந்தன, ஒரு மூலைகூட இருட்டில்லை. இருந்தும் பட்டறைக்கார முதியவருக்குத் தன் பழைய லாம்பு வேண்டியிருந்தது. “வெளிச்சம் கூடினாப்போலை என்ன தம்பி, எல்லாப் பக்கத்தாலும் வந்தா பவுண் தட்டையாத் தெரியும். ஒரு பக்கத்தாலை வரவேணும். அப்பதான் மேடு பள்ளம் கண்ணுக்குப் படும்” என்றார். அவர் லாம்பைக் கீழே இழுத்து, மேசையோடு படுக்கும் கோணத்தில் வெளிச்சத்தை ஓடவிட்டுக் காட்டினார். அரம் போட்ட தடங்கள், கண்ணுக்குத் தெரியாமலிருந்த ஒரு மயிர்க்கீறல், பற்றவைத்த இடத்தின் சின்னத் திரட்சி எல்லாம் நிழலோடு எழுந்து நின்றன. பிறகு லாம்பை உயர்த்தினார், எல்லாம் மறைந்தன. அந்த இரண்டு நிலைக்கும் நடுவில் அவருடைய இடக்கை லாம்பின் கழுத்தை விடவேயில்லை. ஊதும்போது ஒரு உயரம், கல் பதிக்கும்போது இன்னொன்று. அசைத்த இடத்திலேயே நிற்காத லாம்பு அவருக்கு எதற்கும் உதவாது.

வீடுகளில் இந்த உணர்வு குறைந்துகொண்டு வருகிறது என்பது என் கவலை. புதிதாகக் கட்டும் வீடுகளில் கூரை நிறைய விளக்கு, வேலை மேசை சுவரைப் பார்த்தபடி. உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிறது, அவர் தன் தலை நிழலில் ஸ்குரூ தேடுகிறார். வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் ஒரு விளக்கைக் கூரையில் பூட்டுகிறார்கள். 12 லக்ஸை வைத்துக்கொண்டு உயர்தரப் பரீட்சைக்குப் படித்த தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். தகப்பனும் தாயும் விளக்கின் துயரத்தைச் சொல்லியிருப்பார்கள், விளக்கை எங்கே வைத்தோம் என்பதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஜாம் போத்தல் விளக்கை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதில் எனக்கு எதிர்ப்பில்லை. அதோடு அதன் வெட்டுமுகப் படத்தையும், காற்று இறங்கி ஏறும் வழியையும், எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்ற அளவையும் வைக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். பாடசாலை விஞ்ஞானகூடத்தில் பிள்ளைகளே அதைச் செய்து, ஒரு லக்ஸ் மீற்றரையோ கைபேசியையோ கிட்டவும் தூரவும் பிடித்து அளந்து பார்க்கலாம். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்ற பாடத்துக்கு யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. செய்தவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், வந்து காட்டுவார்கள்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி, கைபேசி திருத்தப் பழகுகிறவள், லாம்பு ஒன்று கேட்டு வந்தாள். மடிந்து வந்த சுவிஸ் லாம்பு ஒன்று தயாராக இருந்தது. மேசையில் கவ்வியைப் பூட்டி, இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வைத்துக் கொடுத்தேன். இருந்து பார்த்துவிட்டு, “அங்கிள், எனக்கு இது மற்றப் பக்கம் வேணும், நான் இடக்கை” என்றாள். கவ்வியைக் கழற்றி வலப்பக்கம் பூட்டினோம். வயர் அந்தப் பக்கத்துக்கு எட்டவில்லை, அரை மீற்றர் நீட்டிப் பற்றவைத்தோம். பற்றவைத்தவள் அவள்தான், நான் லாம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.